இரண்டாவது வார்த்தை

வேண்டாம் என்றுதான் சொன்னார். இல்லை, தொண்டையில் கோழை உருண்டிருக்கும், அதற்குத் தன் காதுதான் ஓர் உருவம் கொடுத்துவிட்டது. விடியற்காலையில் அவருக்குக் கோழை கட்டுவது வழக்கம்தான். ஆனால் கோழைக்கு நடுவில் அப்படியொரு அழுத்தம் விழுமா? தயாவதி கண்ணை மூடி வஜ்ராசனத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்து மொட்டை மாடிக்கு இன்னும் வெயில் வரவில்லை. முன்வரிசையில் யாரோ முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அந்த வாசனை கடற்காற்றில் வருவதும் போவதுமாக இருந்தது. மூச்சை மட்டும் கவனிங்க, வேற எதையும் கவனிக்காதீங்க என்று மாஸ்டர் அன்புக்கரசு வெறுங்காலோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி சொன்னார். அவள் மூச்சைத்தான் கவனித்தாள். உள்ளே போகும்போது வேண், வெளியே வரும்போது டாம். நடந்தது இவ்வளவுதான். வழக்கம்போல அவரைப் புரட்டித் துடைத்து, வேட்டி மாற்றி, தலையணையை நிமிர்த்தி, கொஞ்சம் வெந்நீரைக் கரண்டியால் புகட்டிவிட்டு, சைக்கிளை வாசற்படியில் இறக்கினாள். முன்னறையில்தான் அவர் கட்டில். ஜன்னல் திறந்திருந்தது. பின்சக்கரம் படியில் தடக்கென்று இறங்கிய அந்த நொடியில் உள்ளேயிருந்து அது வந்தது. நின்றாள். கை பிரேக்கை இறுக்கியிருந்தது. திரும்பியிருந்தால் ஜன்னல் கம்பிகளுக்குள் அவர் முகம் தெரிந்திருக்கும். திரும்பவில்லை. அதற்குள் தெருமுனையில் அஞ்சலை வந்துகொண்டிருந்தாள், இவள் திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொள்கிறவள். வந்துட்டியா, நான் கிளம்பறேன் என்று தேவைக்கு மேல் உரத்துச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். அவ்வளவு உரக்க ஏன் சொன்னாள்? அஞ்சலைக்குக் காது நன்றாகவே கேட்கும்.

குனியுங்க, நெத்தி தரையைத் தொடட்டும், தொடலைன்னா பரவாயில்ல. அவளுக்குத் தொடுகிறது. வந்த புதிதில் முழங்காலுக்குக் கீழே தலை இறங்காது, இப்போது நெற்றி ஜமுக்காளத்தின் சொரசொரப்பில் போய்ப் படிந்துகொள்கிறது, முதுகு வாழைப்பட்டை மாதிரி வளைகிறது, அந்த வளைவில் அவளுக்குச் சொல்லமுடியாத ஒரு சுகம். கணவர் புருஷோத்தமனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகிறது. பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, அடுத்த தீபாவளி வருவதற்குள் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயிற்று. ஆஸ்பத்திரியில் பல நாள் ஊமையாகக் கிடந்து, ஒரு மத்தியானம், தலையைத் தூக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது, சரி என்றார். எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் அகிலன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாத்தனார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினாள். ஆனால் திரும்பி வந்தது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. உங்கள் பெயர் என்ன, சரி. சிலருக்கு இப்படித்தான், மற்றதெல்லாம் அழிந்து ஒரே ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள், அவர்கள் சொல்ல நினைப்பது அதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை என்றார் டாக்டர். தயாவதி ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வயிறு வலிக்க. வெளியே இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வாள், அத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டறியாத வார்த்தை அது ஒன்றுதான்.

அடித்ததில்லை. குடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. வேண்டாம் என்பார், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். டீச்சர் டிரெயினிங் படிக்கட்டுமா. வேண்டாம். தங்கச்சி வளைகாப்புக்கு ரெண்டு நாள் முன்னாடியே போகட்டுமா. வேண்டாம். ஜன்னலுக்கு நீலத்தில் திரை போடலாமா. வேண்டாம். ஏன் என்று ஒருமுறை கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார், அந்தக் கேள்வியே வேண்டாம் என்பதுபோல. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அதில் ஒன்றுமே இருக்காது, மூடியிருக்கிற கதவில் என்ன கோபம் இருக்கும். பிறகு அவளே கேட்பதை விட்டுவிட்டாள், கேட்கவேண்டும் என்று நினைப்பதையும் விட்டுவிட்டாள், நினைப்பதை விட்டதையும் மறந்துபோனாள். அப்படியானால் இன்று காலை வந்தது இரண்டாவது வார்த்தை இல்லை. அதுதான் முதலாவது, அதுதான் அவர். மூன்று வருஷமாக எங்கேயோ போயிருந்த மனிதர் இன்று விடியற்காலை வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறார், அவள் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். மூச்சை விடுங்க, வயித்தை உள்ள இழுங்க. இழுத்தாள்.

இந்த யோகாவே அவரால் வந்ததுதான். அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய், ஒரு நாள் கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், பக்கத்து வீட்டு ஆள் வந்து தூக்கும்வரை. எலும்பு டாக்டர் மாத்திரை எழுதவில்லை, ஆசனம் பழகுங்கள் என்றார். மருந்துக்கடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஆட்டோ தேடி நின்று நின்று அலுத்துப்போய் சைக்கிள் பழகினாள், அந்த வயதில், வகுப்பில் சிநேகமான பிலோமினா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர. இரண்டுக்கும் அவரைக் கேட்டுக்கொண்டாள். நாத்தனார் எதிரில் நிற்கும்போது, வேண்டுமென்றேதான் கேட்டாள். ஏங்க, யோகா கிளாசுக்குப் போகட்டுமா? சரி. சைக்கிள் வாங்கிக்கட்டுமா? சரி. நாத்தனாருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. அதில் கிடைத்த ருசி, அந்த முதல் சரியின் ருசி, அவளுக்கு இன்னமும் நாக்கில் இருக்கிறது. அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருடைய சாய்வு நாற்காலியைப் பரணில் போட்டுவிடட்டுமா. நீலத்தில் திரை போடட்டுமா. சரி, சரி. ஒரு மழைநாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது, அவர் நகத்தை வெட்டிக்கொண்டே, உங்களோட வாழ்ந்ததுல எனக்கு ஒரு நாள்கூட சந்தோஷம் இருந்ததில்ல என்று சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். சரி என்றார். நகவெட்டியை வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றாள். மழையில் துவைகல் மேல் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. சொன்னதற்காக வருத்தமா, சொல்லியும் ஒன்றும் ஆகவில்லையே என்ற வருத்தமா என்று அன்று புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

வேண்டியிருந்தது முதுகுவலிக்கு மருந்து. கூடவே சந்தோஷம் வந்து சேரும் என்று யாரும் சொல்லவில்லை. விடியற்காலைச் சாலையில் மிதிக்கிறபோது தொடையில் ஏறுகிற சூடு, இறக்கத்தில் காலை நிறுத்திக்கொண்டால் சக்கரம் மட்டும் கிர்ரென்று ஓடுகிற சத்தம், ஆசனம் முடிந்து உடம்பு பிழிந்து காயப்போட்ட துணிபோல லேசாகிவிடுவது, இதெல்லாம் அவள் கேட்டு வாங்கிக்கொண்டவை அல்ல. முகம் தெளிந்தது. சர்க்கரை இறங்கியது. மருமகள் அவள் சைக்கிளோடு நிற்கிற படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி, எங்க அத்தையைப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா ஆரோக்கியமா வாழறாங்க என்று எழுதியிருந்தாள். நிம்மதி. அந்தப் படத்தின் ஓரத்தில், பின்னாலிருக்கும் ஜன்னலில், வெள்ளையாக ஏதோ தெரியும். அது அவர் தலையணை. யாரும் கவனிக்கவில்லை.

எல்லாரும் சவாசனத்துக்கு வாங்க. மல்லாந்தாள். மேலே ஒரு கொக்கு தனியாகக் கடல் பக்கம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். வலது காலைத் தளர விடுங்க, அது உங்க கால் இல்லைன்னு நினைச்சுக்கங்க. வலது கையைத் தளர விடுங்க. வாயைத் தளர விடுங்க, நாக்கைத் தளர விடுங்க, பேச்சே வேணாம். மாஸ்டர் ஒவ்வொரு நாளும் சொல்வதுதான், அவள் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வாள். இங்கே கூட்டமாக வந்து ஜமுக்காளம் விரித்து, எழுந்துபோகலாம் என்ற தைரியத்தில் படுத்துப் பழகுகிறார்கள். அங்கே ஒருத்தர் இதையே இரவும் பகலுமாகச் செய்துகொண்டிருக்கிறார், எழுந்து உட்காருங்கள் என்று மணியடிக்க யாருமில்லாமல். பழக்கம் இல்லாமலே தேர்ச்சி பெற்றுவிட்டார். என்ன பேச்சு இது. அவள் வலது கையின் விரல்களை ரகசியமாக அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பர்ஹானா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, அது காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது, அவள்தான் அதன் பக்கம் பார்க்காமல் இருந்தாள். காரைக்காலிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை பார்க்கிற சின்னப் பெண். புதுசா ஒரு வார்த்தை எப்ப வேணா வரலாம் ஆன்ட்டி, வந்தா விட்டுடாதீங்க, உடனே பதில் சொல்லுங்க, என்ன வேணும் என்ன வேணாம்னு திருப்பிக் கேளுங்க, பதில் கிடைச்சாதான் அந்த வார்த்தை நிக்கும், கிடைக்கலைன்னா சும்மா வந்துட்டுப் போயிடும், மறுபடி வராமலேகூட போயிடலாம் என்றாள். தயாவதி அப்போது தலையாட்டினாள். மனம் நிறைந்துதான் ஆட்டினாள், வந்துவிடவேண்டும் என்று அவளும் விரும்பத்தான் செய்தாள். தண்ணி என்று வரும், அம்மா என்று வரும், அகிலன் என்று வரும் என்று எதிர்பார்த்தாள். ஒருவேளை தன் பெயர் வரும் என்றுகூட. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

பதில் சொல்லவில்லை. அதுதான் விஷயம். கேட்டதா இல்லையா என்பது விஷயமில்லை. கேட்டது. பதில் சொல்லாவிட்டால் அது போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அஞ்சலையிடம் அவ்வளவு உரக்கப் பேசினாள், அந்தச் சத்தத்தின் மேல் இன்னொரு சத்தத்தைப் போட்டு மூடுவதற்காக. நெஞ்சு திடுமென்று வேகமாக அடித்துக்கொண்டது. சவாசனத்தில் யாருக்காவது இப்படி அடிக்குமா. இந்நேரம் அவர் இன்னொரு முறை சொல்லியிருப்பாரோ. அஞ்சலை கேட்டிருந்தால்? அஞ்சலை கேட்டிருந்தால் தெருவெல்லாம் தெரிந்திருக்கும், நாத்தனார் வந்திருப்பாள், என் தம்பி வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையே நீ சைக்கிள்ல போகாதேங்கறதுதான் என்பாள், அப்புறம் இந்த மாடி, இந்த ஆகாயம், இந்த முதுகு, எல்லாம். அப்படியே அந்த வார்த்தை காய்ந்துபோய்விட்டால்? ஒரு நாள், இரண்டு நாள். ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதைக் கொலை என்று யாரும் சொல்வதில்லை. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். கொக்கு போன இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது.

மாடிப்படி இறங்கும்போது பிலோமினா கூட வந்தாள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுச் செத்துப்போனவர், இரண்டு பெண்களும் பாரீசில். இன்னிக்கு நீ சரியாவே மூச்சு வுடல, பக்கத்துல இருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன் என்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று தயாவதி சொல்லிவைத்தாள். பிலோமினா அதை நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் தோண்டிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, தன் கணவர் கடைசிக்காலத்தில் தன்னைப் பக்கத்திலிருந்து நகரவிட்டதே இல்லை, தண்ணீர் குடிக்கப் போனாலும் கத்துவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, நிமிர்ந்து சொன்னாள்.

"உன் வூட்டுக்காரரு தங்கமான மனுஷன் தயா. எதுக்கும் சரிங்கறாரு. நீ குடுத்து வச்சவ."

தயாவதி சைக்கிள் பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பமாட்டேன் என்றது. உப்புக்காற்றுக்குப் பூட்டெல்லாம் இப்படித்தான் ஆகிவிடுகிறது. தங்கமான மனுஷன். அந்த மனுஷனை உண்டாக்கியது யார் என்று சொல்லட்டுமா. கேள்வி கேட்கத் தெரிந்துகொண்ட நான். விருப்பம் இல்லாத ஒருவரை உட்காரவைத்து எனக்கு வேண்டியபடியெல்லாம் கேட்டு, கிடைத்த பதிலை ஊருக்குக் காட்டியது நான். எல்லாரும் பார்த்துப் பொறாமைப்படுகிற அந்தப் புருஷனை நானேதான் செய்தேன், கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி. இதையெல்லாம் பிலோமினாவிடம் சொல்லமுடியாது. பூட்டு திறந்துகொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

நேரே வீட்டுக்குப் போவதென்றால் முத்தியால்பேட்டைக்குக் காந்தி வீதியிலேயே மிதித்துப் போய்விடலாம். அவள் கடற்கரைப் பக்கம் திருப்பினாள். அந்நேரத்துக்கு அங்கே வண்டிகளை விடமாட்டார்கள், சைக்கிளைப் போலீஸ்காரர் கண்டுகொள்வதில்லை. கடல் கறுப்பும் வெள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. காற்று முந்தானையை நிரப்பிப் பின்னுக்கு இழுத்தது, காதுக்குள் வேறு சத்தமே இல்லாமல் அடைத்தது. மிதித்தாள். முழங்கால் வலிக்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை, மூச்சு சீராகப் போய்வந்தது, உடம்பு எவ்வளவு நன்றி கெட்டது, மனசு என்ன பாடு பட்டாலும் அது பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறது. கேரியரில் ஒருவரும் இல்லை. கைப்பிடியில் பை இல்லை. இப்படியே வடக்கே மிதித்துக்கொண்டு போனால் ஊர் முடிந்துவிடும், சவுக்குத் தோப்பு வரும், அப்புறம் வேறு மாநிலம். மிதிக்க முடியும், அவளால் முடியும், அதுதான் வேடிக்கை, அதற்கான கால் இப்போதுதான் வந்திருக்கிறது. அவர் நன்றாக இருந்த நாளில் இந்தக் கால் இருந்திருந்தால்? அப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது. இப்போது கால் இருக்கிறது, வாய் போயிற்று. இரண்டும் சேர்ந்து ஒரே வீட்டில் இருக்கவே கூடாது என்று யாரோ தீர்மானித்தமாதிரி. இன்றைக்கு வாய் திரும்பி வந்திருக்கிறது.

குருசுக்குப்பத்துப் பக்கம் மீன் வந்திறங்கியிருந்தது. பெண்கள் குந்தி உட்கார்ந்து கூடையில் கையை விட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாசனை குப்பென்று அடித்தது. பிரேக் பிடிக்கவேண்டியிருந்தது, ஒரு நாய் குறுக்கே வந்தது. நின்ற இடத்தில் ஒரு கிழவி சுறாவை அறுத்துக்கொண்டிருந்தாள், ரத்தம் மணலில் கறுத்துக்கொண்டிருந்தது. சுறாப்புட்டு. பூண்டு நிறையப் போட்டு, உதிரி உதிரியாக. அது ஒன்றுக்குத்தான் அவர் பேப்பரைக் கீழே வைப்பார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவப் போகும்போது இன்னும் இருக்கா என்று கேட்பார், அந்தக் கேள்வியில் மட்டும் ஒரு சின்னப் பையனின் குரல் இருக்கும், அவள் இருக்கு என்பாள், அவருக்கென்று எடுத்துவைத்திருப்பாள். ஆசனம் பழகத் தொடங்கிய பிறகு அவளுக்குக் கவுச்சி ஒத்துக்கொள்ளவில்லை. இனிமே நாம ரெண்டு பேரும் சைவமா இருந்துடலாமா என்று கேட்டாள். நாம ரெண்டு பேரும் என்று கேட்டாள். சரி. அன்றிலிருந்து கம்பங்கூழும் கொள்ளுக் கஞ்சியும். உடம்புக்கு நல்லது. டாக்டர்கூடப் பாராட்டினார், ரத்தக் கொழுப்பெல்லாம் குறைந்திருக்கிறது என்று. கிழவி நிமிர்ந்து, இன்னாம்மா வேணும், சும்மா நிக்கற என்றாள். ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு மிதியை அழுத்தினாள். அந்த மனிதர் வேண்டாம் என்றது சைக்கிளைத்தான் என்று யார் சொன்னது? கஞ்சியாக இருக்கலாம். நீலத்திரையாக இருக்கலாம். அஞ்சலையின் கையாக இருக்கலாம். இந்தச் சரியே வேண்டாம் என்றிருக்கலாம். இப்படியே கிடப்பதே வேண்டாம் என்றிருக்கலாம். அத்தனை வருஷத்து வேண்டாமையும் அவள் காரணம் தெரியாமல் வாங்கிக்கொண்டாள், இன்றைக்கு ஒரு வேண்டாமுக்கு ஆயிரம் காரணம் அவளே எடுத்துக்கொடுக்கிறாள். திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் ஏன் என்று கேட்டபோது நீர் சொன்னீரா. சொல்லவில்லை அல்லவா. இரும். நீரும் கொஞ்சம் இரும். இப்படி நினைத்தபோது உடம்பெங்கும் ஒரு குளிர்ச்சி பரவிற்று, வியர்வையில் காற்றுப் பட்டதாகவும் இருக்கலாம், மிக நன்றாக இருந்தது, அந்த நன்றாக இருந்ததைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள்.

வீட்டு வாசலில் சைக்கிளை ஏற்றும்போது அஞ்சலை விளக்குமாற்றோடு வந்தாள். ஐயா காலையிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறார், தண்ணி குடிக்கறியான்னு கேட்டா சரின்னுகூடச் சொல்ல மாட்டேங்கறார், நீ போன வழியையே பார்த்துக்கினு கெடக்கறார் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். வேறு ஏதாவது சொன்னாரா என்று தயாவதி கேட்டாள். வேற இன்னா சொல்வாரு என்றாள் அஞ்சலை. உள்ளே போனாள். அவர் கண் அவளிடம் வந்து நின்றது. கோபமாக இல்லை. கெஞ்சவும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரைப் பார்க்கிற பார்வைபோல இருந்தது, அதைத் தாங்கமுடியாமல் அவள் அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைச் சுடவைத்தாள். கொண்டுவந்து உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். உதட்டில் பட்டதும் வாயைத் திறந்தார், விழுங்கினார், திறந்தார். அவள் ஒவ்வொரு கரண்டிக்கும் கொஞ்சம் நிறுத்தினாள். இப்போது சொல்லட்டும். இப்போது சொன்னால் கேட்டுவிடலாம். நீங்க காலையில ஏதாவது சொன்னீங்களா என்று வாய்வரை வந்தது. கேட்டால் என்ன வரும் என்று தெரியும். தெரிந்த பதிலைத் தருகிற கேள்வியை அவள் இன்று கேட்க விரும்பவில்லை. கிண்ணம் காலியாயிற்று.

வெயில் ஏறியதும் பர்ஹானா வந்தாள். அவள் வருகிற நாள் அது, தயாவதி அதைக்கூட மறந்துபோயிருந்தாள், அல்லது மறந்ததாக வைத்திருந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, எப்படி இருக்கீங்க அங்கிள் என்று கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து படங்களை எடுத்தாள். குடை, வாழைப்பழம், பஸ். ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள், பதில் இல்லை என்றுதான் இருக்கும் என்ற பழக்கத்தில், படங்களை அடுக்கிக்கொண்டே. புதுசா ஏதாவது சொன்னாரா ஆன்ட்டி? தயாவதி ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். இல்லை என்பது மிகச் சின்ன வார்த்தை. நாக்கு அதற்குத் தயாராக மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டும் இருந்தது. அவர் முகத்தைப் பர்ஹானாவிடமிருந்து திருப்பி அவளைப் பார்த்தார். கழுத்தைத் திருப்புவது அவருக்குச் சுலபமான காரியமில்லை.

"வேண்டாம்னு சொன்னாரு" என்றாள் தயாவதி. "காலையில. நான் வெளிய கிளம்பறப்ப."

பர்ஹானா துள்ளி எழுந்தேவிட்டாள். படங்கள் மடியிலிருந்து சரிந்தன. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்றாள், மறுக்க ஒரு வார்த்தை வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்றாள், அங்கிளின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினாள். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. தெளிவாகச் சொன்னாரா, எதைப் பார்த்துச் சொன்னார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க ஆன்ட்டி?"

சமையலறையில் அஞ்சலை பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஜன்னலில் நீலத்திரை காற்றில் உப்பி, சுவரோடு ஒட்டி, மறுபடி உப்பியது. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைவிட அவர்தான் அதிகம் காத்திருந்ததாகத் தயாவதிக்குப் பட்டது. முந்தானையில் கையைத் துடைத்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பர்ஹானாவைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

பர்ஹானா குனிந்து, தரையில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அவர் உதடு அசைந்தது. கீழுதடு உள்ளே மடிந்து மேற்பல்லில் போய்ப் பட்டது, காலையில் வந்ததை மறுபடி பிடிக்கப்போவதுபோலக் கொஞ்ச நேரம் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது, பின் விட்டுவிட்டது.

சரி, என்றார்.